சத்தமில்லாமல் வந்த பஸ்

1943ஆம் ஆண்டு ஜூலை மாதம் பதினான்காம் தேதி, புதன்கிழமை, காலை ஒன்பதேகால் மணிக்கு, சிற்றாற்றங்கரைப் பஞ்சாயத்து போர்டு பெண்கள் பள்ளிக்கூடத்தின் பஸ், ஆய்க்குடியில் புறப்பட்டுத் தென்காசி, இலஞ்சி வழியாகக் குற்றாலம் சாலையிலுள்ள பள்ளி வாசலில் வந்து நின்றது. அதில் இருபத்து மூன்று பெண் குழந்தைகள் இருந்தார்கள். சாரல் விழுந்துகொண்டிருந்தது. பஸ்ஸின் இரு பக்கமும் படுதாக்கள் இறக்கப்பட்டு, வெளிப்புறமாகக் கயிற்றால் இழுத்துக் கட்டப்பட்டிருந்தன. இருபத்திரண்டு பேர் இறங்கினார்கள்.

வாசலில் குடையும் கையுமாக நின்ற தலைமையாசிரியை இராமலட்சுமி அம்மாளுக்கு, நாள்தோறும் இந்த வேளைதான் மன நிறைவைத் தருவது. ஆண் பிள்ளைகளை ஏற்றிவரும் வண்டி என்றால், அது வளைவு திரும்புவதற்கு முன்பே கூச்சல் வந்து சேர்ந்துவிடும். தம்முடைய பஸ்ஸிலிருந்து என்ஜின் சத்தத்தைத் தவிர வேறொன்றும் கேட்பதில்லை. ஜூன் மாதம் பள்ளி திறந்தபோது இந்தப் பிள்ளைகளும் கிளிக்கூட்டமாகக் கத்திக்கொண்டுதான் வந்தார்கள். பஸ்ஸில் பேச்சு கூடாது என்று அவர் விதித்தார். யாரும் அதைப் பொருட்படுத்தவில்லை. சாரல் பிடித்துப் படுதாக்கள் இறங்கிய பிறகு, நாளுக்கு நாள் அடங்கினார்கள். இப்போது ஓர் இருமல்கூடக் கேட்பதில்லை. பள்ளியைப் பார்வையிட வந்த இன்ஸ்பெக்டர் அம்மாள், இவ்வளவு ஒழுங்கான பிள்ளைகளைத் தாம் வேறெங்கும் கண்டதில்லை என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். அந்தச் சொல் இராமலட்சுமி அம்மாளின் நெஞ்சில் இன்னும் இனித்துக்கொண்டிருந்தது.

டிரைவர் மாடன் கதவுச் சங்கிலியைக் கழற்றினான்.

"எறங்குங்கட்டி, எறங்குங்க. பள்ளிக்கூடம் வந்தாச்சு. எப்பம் பாத்தாலும் தூக்கம்! ராத்திரியெல்லாம் வீட்டுல நெல்லா குத்துதீய?"

பிள்ளைகள் ஒருத்தியை ஒருத்தி பிடித்துக்கொண்டு இறங்கினார்கள். ஒருத்தி கடைசிப் படியைத் தவறவிட்டுச் சேற்றில் முழங்கால் ஊன்றினாள். நின்ற வரிசை கோணலாக இருந்தது.

"வரிசையின் நடுவில் ஏன் இந்த வளைவு? கோமு, நிமிர்ந்து நில்."

"தலை வலிக்கி டீச்சர்."

"முதல் பாடம் கணக்கு. உனக்குத் தலை வலிக்காமல் என்ன செய்யும்? நிமிர்ந்து நில்."

வரிசையின் கடைசியில் நின்ற ஷமீம் பானு, தென்காசியிலிருந்து வருகிற பத்து வயதுப் பெண், பஸ்ஸைத் திரும்பித் திரும்பிப் பார்த்தாள். பிறகு, பேசினால் அடி விழுமோ என்ற பயத்துடன் வாயைத் திறந்தாள்.

"டீச்சர்... பேச்சித்தாய் எந்திரிக்க மாட்டேங்கா."

தூங்கிவிட்ட பிள்ளைக்கு என்ன சொல்ல வேண்டும் என்று இரண்டு வாக்கியங்களை மனத்தில் அமைத்துக்கொண்டே இராமலட்சுமி அம்மாள் பஸ்ஸுக்குள் ஏறினார். உள்ளே மங்கலாக, வெதுவெதுப்பாக இருந்தது. பின்பெஞ்சின் மூலையில், புத்தகப் பையைத் தலைக்கு வைத்து, ஆய்க்குடிப் பேச்சித்தாய் படுத்திருந்தாள். முகத்தில் வேதனையின் சுவடு எதுவும் இல்லை. நன்றாக உண்டு உறங்குகிற குழந்தையின் முகம் போலத் தெளிவாக இருந்தது. "பேச்சித்தாய்" என்று அழைத்தார். அதட்டினார். தோளைத் தொட்டு உலுக்கினார். பெஞ்சின் மேலிருந்த கை நழுவிக் கீழே தொங்கியது. அந்தக் கை தொங்கிய விதத்தைக் கண்டதும், அமைத்துவைத்திருந்த இரண்டு வாக்கியங்களும் அவருக்கு மறந்து போயின.

அவர் அவளை வாரி எடுத்துக்கொண்டு இறங்கியபோது, குடை எங்கே விழுந்தது என்று அவருக்குத் தெரியவில்லை. சீசனுக்கு வந்திருந்த யாரோ ஒருவருடைய காரைச் சாலையின் நடுவில் நின்று மறித்து, பிள்ளையைத் தென்காசி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்.

ஆஸ்பத்திரியில் பேச்சித்தாய்க்கு மூச்சு இருந்தது, நினைவு இல்லை. டாக்டர் கண்ணிமையைத் தூக்கிப் பார்த்தார். மார்பில் குழாயை வைத்துக் கேட்டார். "ஏதாவது விஷக்காய் தின்றாளா?" என்றார். யாருக்கும் தெரியவில்லை. "பிழைப்பாளா என்று இப்போது சொல்ல முடியாது" என்று மட்டும் சொன்னார்.

நடுப்பகலில் பேச்சித்தாயின் அம்மா மூக்கம்மாள், வயல் சேறு காலில் காயாமல் ஓடிவந்தாள். வந்தவள் அழவில்லை, டீச்சரைப் பார்த்து ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"இசக்கியம்மன் மரத்தடியிலதானே வண்டி நின்னுது?"

இந்தக் கேள்வியின் பொருள் இராமலட்சுமி அம்மாளுக்குத் தெரியும். யுத்தத்தினால் பெட்ரோல் ரேஷன் ஆனது முதல், முதலாளி சங்கிலிப்பாண்டி பள்ளிக்கு வாடகைக்கு விட்டிருந்த அந்த பஸ் கரியில்தான் ஓடியது. பின்புறத்தில் ஆள் உயரத்துக்கு ஓர் இரும்பு உருளை. அதில் அடுப்புக் கரி கனன்றுகொண்டிருக்கும். அதிலிருந்து பிறக்கும் வாயு குழாய் வழியாக முன்னே போய் என்ஜினை ஓட்டும். கனல் தணிந்துவிட்டால் வண்டியை நிறுத்தி, மூடியைத் திறந்து, கரியைக் கொட்டிக் கிளறி, கைச்சக்கரத்தைச் சுற்றிக் காற்று ஊத வேண்டும். அதற்கு மாடன் வழக்கமாக நிறுத்துகிற இடம், தென்காசிக்கும் இலஞ்சிக்கும் நடுவே, தென்னந்தோப்பை ஒட்டி இசக்கியம்மன் பீடம் இருக்கிற மரத்தடி. சாம்பலைத் தட்ட அங்கே பள்ளம் உண்டு. பிள்ளைகளுக்குத் தலை சுற்றுவதும் வாந்தி வருவதும் அந்த இடத்துக்குப் பிறகுதான் என்று தாய்மார்கள் கண்டுபிடித்திருந்தார்கள். வயதுக்கு வரப்போகிற பிள்ளைகள் மேல் அம்மனின் பார்வை விழுகிறது என்றார்கள். ஒரு சந்து இல்லாமல் படுதாவை இறுக்கிக் கட்ட வேண்டும் என்று கேட்டார்கள்.

இராமலட்சுமி அம்மாள் அதைக் கேட்டுச் சிரித்தார்; ஆனாலும் மறுக்கவில்லை. படுதா இறுக்கமாக இருந்தால் பிள்ளைகள் தலையை வெளியே நீட்ட மாட்டார்கள், சாலையில் போகிறவர்களுடன் பேச மாட்டார்கள் என்பது அவருடைய கணக்கு. முதலில் அந்த பஸ் ஏற்பட்டதே படுதாவினால்தான். மறைப்பு இல்லாத வண்டியில் பெண் பிள்ளைகளை அனுப்ப மாட்டோம் என்று தென்காசித் தெருக்களும் சொல்லின. ஆய்க்குடியில் பயிர் செய்கிற சம்சாரிகளும் சொன்னார்கள். போர்டு தலைவர் வல்லிநாயகம் வீடு வீடாகப் போய் வாக்குக் கொடுத்தபிறகே இருபத்து மூன்று பேர் வந்தார்கள்.

மாலையில் அந்த வல்லிநாயகமே பள்ளிக்கு வந்தார். நனைந்த மேல்துண்டைப் பிழிந்துகொண்டே பேசினார்.

"ஊருல ஒரே பேச்சாக் கெடக்கு டீச்சரம்மா. இன்னைக்குப் பிள்ளைகள எப்படி வீட்டுக்கு அனுப்ப? மாட்டு வண்டி ஒண்ணும் அகப்படல. எல்லாம் அருவிக்குக் குளிக்க வந்தவன் அமத்திக்கிட்டான்."

"பஸ்ஸிலேயே அனுப்பலாம். நானும் உடன் போகிறேன்."

"போங்க. மாடன்கிட்ட இன்னொரு கயிறு குடுத்திருக்கேன். மேலயும் கீழயுமா ரெண்டு கட்டு போடச் சொல்லியிருக்கேன். காத்துகூட நொழையாது."

"நல்லது அண்ணாச்சி" என்றார் இராமலட்சுமி அம்மாள்.

பேச்சித்தாய் படுத்திருந்த பின்பெஞ்சு மூலையிலேயே அவர் உட்கார்ந்தார். அந்த இடத்துக்குத்தான் பிள்ளைகளிடையே தினமும் போட்டி என்று ஷமீம் பானு சொன்னாள். சாரல் குளிருக்குப் பின்பலகை வெதுவெதுவென்று இருக்குமாம். முந்தி வந்து ஏறுகிறவள் என்பதால், அது எப்போதும் பேச்சிக்கே கிடைத்துவிடுமாம்.

"போதும். பஸ்ஸில் பேச்சு கூடாது" என்றார் அவர்.

இலஞ்சியில் ஏழு பேர் இறங்கினார்கள். மீதி பதினைந்து பேர். வண்டி மேலும் சிறிது தூரம் முக்கிக்கொண்டு போய், வழக்கம்போல் இசக்கியம்மன் மரத்தடியில் நின்றது. மாடனும் அவனுடைய கையாளும் இறங்கிப் பின்புறம் போனார்கள். மூடி திறக்கும் சத்தமும் கரி சரியும் சத்தமும் கேட்டன. பிறகு கைச்சக்கரம் கறகறவென்று சுற்றத் தொடங்கியது.

"ஏலே, வேகமாச் சுத்து. கெழட்டு ஆட்டுக்கல்லு மாதிரி சுத்துதியே!"

"கரி பூரா ஈரம் அண்ணே. அவிஞ்ச வெறகு மாதிரி கெடக்கு. மொதலாளிகிட்டச் சொல்லுங்க, அடுப்பச் சுத்தின தகரக் கூண்டுக்கு ஒரு கதவும் போடச் சொல்லி."

"கூண்டு போட்டதே பெருசுலே. கதவு கேப்ப, பெறகு தலகாணி கேப்ப!"

இருவரும் சிரித்தார்கள். சக்கரம் சுற்றிக்கொண்டே இருந்தது.

உள்ளே ஒரு பிள்ளையும் அசையவில்லை. எவ்வளவு ஒழுங்கு என்று நினைத்தபடி இராமலட்சுமி அம்மாள் வழக்கப்படி தலைகளை எண்ணினார். பதினைந்து. சிறிது நேரம் கழித்து மறுபடியும் எண்ணினார். பதின்மூன்று வந்தது. தவறாக எண்ணிவிட்டேன் என்று முதல் பெஞ்சிலிருந்து விரல் நீட்டி எண்ணினார். பதினேழு. இருபத்தாறு ஆண்டுகளாகப் பிள்ளைகளை எண்ணுகிற வேலையில் அவர் பிழை செய்ததில்லை. பெயரைச் சொல்லி எண்ணலாம் என்று பக்கத்தில் இருந்த பிள்ளையிடமிருந்து தொடங்கினார். அந்தப் பிள்ளையின் பெயர் நினைவுக்கு வரவில்லை.

"உன் பெயர் என்ன?"

"ஷமீம் பானு டீச்சர்."

"ஆமாம். ஷமீம் பானு."

வெளியே சக்கரம் சுற்றியது. நெற்றிப் பொட்டில் யாரோ சுத்தியால் மெதுவாகத் தட்டுவது போல் இருந்தது. கணக்குப் பாடத்துக்குப் பயந்து காலையில் ஒரு பிள்ளை தலைவலி என்று சொன்னாளே, அவள் யார்? உடம்பு இதமாகக் கனத்தது. சற்றே கண்ணை மூடினால் என்ன என்று தோன்றியது. பக்கத்தில் இருந்த பிள்ளையைப் பார்த்தார்.

"உன் பெயர் என்ன?"

பதில் இல்லை.

"உன் பெயரைக் கேட்கிறேன்."

பிள்ளையின் தலை அவர் தோளில் வந்து சாய்ந்தது. அது சாய்ந்த கனம் அவருக்கு ஏற்கனவே தெரிந்த கனம். காலையில் வாரி எடுத்த கனம்.

அந்தக் கணத்தில்தான், ஒரு மாதமாக வாசலில் நின்று தாம் பெருமையுடன் கேட்டுக்கொண்டிருந்தது என்னவென்று இராமலட்சுமி அம்மாளுக்கு விளங்கியது. பிள்ளைகள் அடங்கவில்லை. பிள்ளைகள் அவிந்துகொண்டிருந்தார்கள். இன்ஸ்பெக்டர் அம்மாள் பாராட்டிய ஒழுங்கு இதுதான்.

எழுந்தார். முழங்கால்கள் மடங்கின. பெஞ்சைப் பிடித்துக்கொண்டு மீண்டும் எழுந்து, படுதாவைத் தள்ளினார். அது பலகையைப் போல் விறைத்து நின்றது. முடிச்சு வெளியே இருந்தது. மேலொரு கட்டு, கீழொரு கட்டு. கதவின் சங்கிலியும் வெளியே இருந்தது. "மாடா!" என்று கூவினார். சக்கரத்தின் கறகறப்பில் அந்தக் குரல் எங்கே போயிற்று என்று தெரியவில்லை. காலடியில் குடை கிடந்தது. காலையில் கீழே விட்ட குடையை யாரோ எடுத்து வைத்திருக்கிறார்கள். அதன் இரும்பு முனையைப் படுதாவின் தையலில் நுழைத்து, தம் உடம்பின் பாரம் முழுவதையும் அதன் மேல் போட்டார். தையல் விட்டது. கையை நுழைத்துக் கிழித்தார். சாரல் முகத்தில் அறைந்தது.

"ஐயையோ டீச்சரம்மா! என்ன காரியம் செய்தீய!" மாடன் ஓடிவந்தான். "புதுப் படுதால்லா! மொதலாளி என் தோல உரிச்சிருவாரே!"

"கயித்த அறுலே!" என்று அலறினார் இராமலட்சுமி அம்மாள். "அறுலே மாடா! பிள்ளைய சாவுது!"

பள்ளிக்கூடத்து எல்லையில் அவர் வாயிலிருந்து ஒருவரும் கேட்டறியாத பேச்சு அது. மாடன் அரிவாளை எடுத்தான்.

பதினைந்து பிள்ளைகளையும் இசக்கியம்மன் மரத்தடிப் புல்லில் கிடத்தினார்கள். சாரல் அவர்கள் முகத்தில் விழுந்தது. தோப்பில் தேங்காய் உரித்துக்கொண்டிருந்த பெண்கள் ஓடிவந்து, பீடத்தையும் பிள்ளைகளையும் மாறி மாறிப் பார்த்து வாயில் அடித்துக்கொண்டார்கள். முதலில் ஒரு பிள்ளை குமட்டி வாந்தி எடுத்தாள். இன்னொருத்தி "எம்மா" என்று முனகினாள். ஒருத்தி அழத் தொடங்க, அதைக் கேட்டு இன்னும் நான்கு பேர் அழுதார்கள். இராமலட்சுமி அம்மாள் சேற்றில் உட்கார்ந்து, அழுகிற குரல்களை விரல் விட்டு எண்ணினார். பதினான்கு வரை எண்ணிவிட்டு நின்றார். பதினைந்தாவது குரலுக்காக ஷமீம் பானுவின் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். சாரல் கனத்து ஒரு மழையாகி ஓய்ந்த பிறகுதான் அந்தப் பிள்ளை கண்ணைத் திறந்து, "உம்மா எங்க?" என்றாள்.

பிறகு அவர் எழுந்து, தலை இடிக்க இடிக்க, பஸ்ஸின் பின்புறம் போனார். சாரலில் கரி நனையாதிருக்க உருளையைச் சுற்றித் தகரத்தால் ஒரு கூண்டு அடித்திருந்தார்கள். அந்தக் கூண்டின் வாய், பஸ்ஸின் பின்பலகையோடு சேர்த்து ஆணியடிக்கப்பட்டிருந்தது. கரி போடுகிற திறப்பில் கதவுக்குப் பதில் நனைந்த சாக்கு தொங்கியது. பின்பலகையில், உள்ளே பேச்சித்தாய் உட்காருகிற மூலைக்கு நேராக, ஒரு கை நுழைகிற சந்து இருந்தது. அவர் சாக்கை விலக்கி, அந்தச் சந்தில் கையை வைத்தார். கூண்டுக்குள் எழும் வெப்பக் காற்றுக்குப் போக வேறு வழி எதுவும் இல்லை. அது சந்து வழியே பஸ்ஸுக்குள் போனது; பஸ்ஸிலிருந்து அது வெளியேறப் படுதா விடவில்லை. இந்த மரத்தடியில்தான் வருகிறது என்று தாய்மார்கள் சொன்னதில் பிழை இல்லை. இந்த மரத்தடியில்தான் மூடியைத் திறந்து காற்று ஊதினார்கள்.

பிள்ளைகள் வீடு சேர்ந்ததும், அன்று இரவே ஆஸ்பத்திரிக்குப் போய் டாக்டரிடம் சொன்னார். டாக்டர் எழுந்தே நின்றுவிட்டார்.

"மலையில் எஸ்டேட் கூலிகள் குளிருக்குக் கரிச்சட்டியை உள்ளே வைத்துக் கதவைச் சாத்திக்கொண்டு தூங்குவார்கள். காலையில் எழுந்திருக்க மாட்டார்கள். இது அதே கரிவாயு விஷம்தான். இதைப் பஸ்ஸில் வைத்தா பிள்ளைகளை ஏற்றினீர்கள்?"



வெள்ளிக்கிழமை போர்டு கூடியது. அறை கொள்ளாத கூட்டம். ஜன்னலுக்கு வெளியே திரை கட்டிய ஒரு வில்வண்டி வந்து நின்றது. அதற்குள் ஷமீம் பானுவின் தாய் ஜாஹிரா பீவி இருந்தாள். தலைமையாசிரியை நடந்ததை முறையாகச் சொன்னார். கூண்டையும் பின்பலகைச் சந்தையும் பற்றிச் சொன்னபோது எல்லோரும் பஸ் முதலாளி சங்கிலிப்பாண்டியைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"என்னைய எதுக்குப் பாக்கீய?" என்றார் அவர். "எனக்குப் பெட்ரோல் குடுங்க, இப்பமே கரிய ஆத்துல கொட்டுதேன். கூண்டு கரி நனையாம இருக்க அடிச்சது. படுதா பிள்ளைய நனையாம இருக்கக் கட்டினது. அம்மன் பார்வை படாம இருக்க நீங்கதான் இறுக்கச் சொன்னீய. எல்லாரும் நல்லதுக்குத்தானே செஞ்சோம்?"

"நீரு நல்லதுக்குச் செஞ்ச லட்சணத்த ஆஸ்பத்திரியில போய்ப் பாரும்வே" என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

"ஏன், அந்த ரெண்டாவது கயிறு? அது யாரு குடுத்தது?" என்றார் சங்கிலிப்பாண்டி.

வல்லிநாயகம் மேல்துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அவர் முகம் இரண்டு நாளில் வற்றிப் போயிருந்தது.

"நான்தான் குடுத்தேன். காத்துகூட நொழையாதுன்னு இந்த வாயாலதான் சொன்னேன்." துண்டை மடித்து மேசைமேல் வைத்தார். "ஒரே வழிதான் இருக்கு. படுதாவ எடுத்தா ஒரு வீட்டுலயும் பிள்ளைய அனுப்ப மாட்டாவ. படுதாவோட ஓட்டினா பிள்ளை மிஞ்சாது. பஸ்ஸ நிறுத்திருவோம். பிள்ளைய வீட்டுல உசுரோட இருக்கட்டும்."

பலர் தலையசைத்தார்கள். பஸ் நின்றால் இருபத்து மூன்று பிள்ளைகளும் நின்றுவிடுவார்கள். அவர்களுக்குப் படிப்பு என்பது இந்த ஒரு வண்டிதான். அதை நிறுத்தாதீர்கள் என்று சொல்லத் தமக்கு இனி என்ன உரிமை இருக்கிறது என்று இராமலட்சுமி அம்மாள் நினைத்தார்.

"தலைவரே, ஒரு பேச்சு." வில்வண்டித் திரைக்குள்ளிருந்து ஜாஹிரா பீவியின் குரல் வந்தது. "மறைப்பு வேணும்னு மொதல்ல கேட்டவ நாந்தான். மறைப்புன்னா கண்ணுக்கு மறைப்புன்னு சொன்னேன். மூச்சுக்கு மறைப்புன்னு நான் சொல்லலியே! எங்க வீட்டு மாடியில மூங்கித் தட்டி தொங்குது. நாங்க தெருவப் பாக்கோம், தெரு எங்களப் பாக்கல. காத்து ஜம்முனு வருது. அத பஸ்ஸுல தொங்க விட்டா உங்க போர்டு கொறஞ்சா போவும்?"

"சாரல் அடிச்சா நனைஞ்சிருமே ஆச்சி" என்றார் சங்கிலிப்பாண்டி.

"நனையட்டும். நனைஞ்ச பிள்ளைய தொவட்டிக்கிடலாம்."

அப்போது மூக்கம்மாள் உள்ளே வந்தாள். ஆஸ்பத்திரியிலிருந்து நடந்தே வந்திருந்தாள். கூட்டம் அவளுக்கு வழி விட்டது. நேராக இராமலட்சுமி அம்மாளின் முன்னால் வந்து நின்றாள்.

"எம்பிள்ள கண்ணு முழிச்சிட்டா."

"கடவுளே!" என்றார் அவர்.

"முழிச்சதும் மொதல்ல என்ன கேட்டா தெரியுமா டீச்சரம்மா? தண்ணி கேக்கல. என்னைய கேக்கல." மூக்கம்மாள் அறையைச் சுற்றிப் பார்த்துக் காட்டினாள். "சுத்தி முத்திப் பாத்தா. 'பேசலாமா'ன்னு கேட்டா. 'பேசுட்டி, என் தங்கம், பேசு'ன்னேன். 'தலைய வலிக்கி, வலிக்கின்னு அன்னைக்கே சொல்லணும்னு இருந்துச்சும்மா, பஸ்ஸுல பேசக் கூடாதுல்லா'ன்னு சொல்லுதா."

இராமலட்சுமி அம்மாள் சுவரில் கையை ஊன்றிக்கொண்டார். மேசையைச் சுற்றி இருந்தவர்கள் அவருக்கு நாற்காலியை நகர்த்தினார்கள். அவர் உட்காரவில்லை. மூக்கம்மாளின் முகத்தைப் பார்த்தபடியே, "தலைவர் அவர்களே, தீர்மானத்தில் என் சார்பில் ஒன்று சேர்க்க வேண்டும்" என்றார்.

அன்று தீர்மானிக்கப்பட்டவை இவை. பஸ் நிறுத்தப்படாது. கரி உருளையை பஸ்ஸின் உடலோடு ஒட்டாமல், பின்னால் தனிச் சட்டத்தில் தள்ளிப் பொருத்த வேண்டும்; தகரக் கூண்டு அகற்றப்பட வேண்டும்; பின்பலகையில் உள்ள சந்துகள் எல்லாம் தகட்டால் அடைக்கப்பட வேண்டும். படுதாக்கள் நீக்கப்பட்டு, மேலும் கீழும் காற்றுப் போகும்படி மூங்கில் தட்டிகள் தொங்கவிடப்படும். அவற்றைக் கட்டும் முடிச்சு உட்புறமே இருக்க வேண்டும். கதவுச் சங்கிலி உள்ளிருந்தும் திறக்கக்கூடியதாக மாற்றப்படும். கரி போடவோ காற்று ஊதவோ வண்டி நிற்கும் இடத்தில், பிள்ளைகள் அனைவரும் கீழே இறங்கி நிற்க வேண்டும். மழையானாலும் இதில் மாற்றம் இல்லை. பிள்ளைகளுடன் மாடத்தி என்னும் பெண் ஆயாவாகப் போய்வருவாள். தலைமையாசிரியையின் வேண்டுகோளின்படி, பஸ்ஸில் பேசக் கூடாது என்ற விதி நீக்கப்பட்டது. பிள்ளைகள் வழி நெடுகப் பேசிக்கொண்டோ, வாய்ப்பாடு சொல்லிக்கொண்டோ, பாடிக்கொண்டோ வர வேண்டும். சத்தம் நின்றால் டிரைவர் உடனே வண்டியை நிறுத்தி, இறங்கிப் போய்ப் பார்க்க வேண்டும்.

ஆகஸ்டு மாதம் இரண்டாம் தேதி, திங்கட்கிழமை, பஸ் மீண்டும் ஓடியது. பத்தொன்பது பிள்ளைகள் வந்தார்கள். நான்கு பேரை வீட்டில் நிறுத்திவிட்டார்கள். பேச்சித்தாய் அந்த மாதக் கடைசியில் வந்து சேர்ந்தாள். முன்பெஞ்சில் உட்கார வைக்கப்பட்டாள்.